உட்கார்ந்து பார்த்தால் புலி தெரியும்!

பென்சிலும் ஸ்கெட்ச்புக்குமாக உயிரியல் பூங்காவுக்குள் நுழைகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

"புலி எங்கப்பா?"

"அதோ, அந்தப் புதர் ஓரமா படுத்திருக்கு பாரு."

"தூங்குதா? சரி, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வா. ஒட்டகச்சிவிங்கியைப் பாக்கணும்."

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் எந்த ஞாயிற்றுக்கிழமை போய் நின்றாலும், புலி இருக்கும் இடத்தில் இந்தப் பேச்சு காதில் விழும். பேசுகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். கையில் குழந்தை, தோளில் சாப்பாட்டுப் பை, தலைக்கு மேலே வெயில். சாயங்காலத்துக்குள் சிங்கம், கரடி, நீர்யானை, முதலை என்று அத்தனையும் பார்த்தாக வேண்டும். தூங்குகிற புலிக்கு அரை நிமிடத்துக்கு மேல் எப்படி ஒதுக்குவது?

அங்கேயே மர நிழலாகப் பார்த்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் ஸ்கெட்ச்புக், காதில் செருகிய பென்சில், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். புலி தூங்குவதில் சந்தோஷப்படும் ஒரே பார்வையாளர் அவர்தான்.

ஓவியக் கல்லூரி மாணவர்கள், அனிமேஷன் படிப்பவர்கள், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்கள், வார விடுமுறையில் ஒன்றுகூடி ஊரை வரைகிற நண்பர்கள் எனப் பலரும் இப்படிப் பூங்காவுக்கு வருகிறார்கள். வரைவதற்காக வந்தாலும், அவர்கள் செய்யும் வேலையில் முக்கால் பங்கு பார்ப்பதுதான். ஒரே விலங்கின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்தவருக்கு, நடந்து போகிறவர் கண்ணில் படாத சில விஷயங்கள் தெரியவருகின்றன. அவற்றில் சில இனிப்பானவை. சில அப்படி இல்லை.

போஸ் கொடுக்காத மாடல்

பூங்காவில் வரைகிறவர் கற்கும் முதல் பாடம், விலங்கு யாருக்காகவும் போஸ் கொடுக்காது என்பது. தலையை வரைந்து முடிப்பதற்குள் எழுந்து திரும்பிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் ரப்பரைத் தேடுவார்கள். பழகியவர்கள் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே தாளில் பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்குவார்கள். ஒரே பக்கத்தில் ஆறேழு அரைகுறைப் புலிகள் இருக்கும். ஒன்றுக்குத் தலை இருக்காது, இன்னொன்றுக்கு இரண்டு கால்தான் இருக்கும். விலங்குகள் தமக்குப் பழகிய நிலைகளுக்கே திரும்பத் திரும்ப வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் புலி மறுபடி அதே பக்கம் தலையைத் திருப்பும். அப்போது பழைய படத்துக்குப் போய் மிச்சத்தை முடித்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது? கண், மீசை, வரி என்று ஆரம்பித்தால் காலண்டர் புலிதான் கிடைக்கும். பிடரியிலிருந்து வால் வரை முதுகெலும்பு போகும் பாதையை ஒரே இழுப்பில் போட வேண்டும். புலி அசந்து கிடக்கிறதா, எழப்போகிறதா என்பது அந்த ஒரு கோட்டிலேயே தெரிந்துவிடும். அதன்மேல் மார்புக்கூடு, இடுப்பு, தலை ஆகிய மூன்றும் எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முன்னங்கால்களை நீட்டித் தலை தூக்கிப் படுத்திருக்கும் புலிக்குத் தோள்பட்டை எலும்பு முதுகுக் கோட்டையும் தாண்டி மேலே துருத்தி நிற்கும். வயிறு தரையில் பரவிக் கிடக்கும். வரிகள் எல்லாவற்றுக்கும் கடைசி. விலா வளைகிற இடத்தில் வரியும் வளையும், தொடை உருள்கிற இடத்தில் வரியும் உருளும். உடம்பு சரியாக அமைந்துவிட்டால் பத்து வரியே போதும். அமையாவிட்டால் நூறு வரி போட்டாலும் காப்பாற்ற முடியாது.

காதையும் கவனிக்க வேண்டும். புலியின் காதுக்குப் பின்புறம் கறுப்பாக இருக்கும், நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. புலிப் படங்கள் பெரும்பாலும் முகத்துக்கு நேராக எடுக்கப்பட்டவை. அதனால் இது பலருக்குத் தெரிவதே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கும் புலி, 'ஒண்ணுமே தெரியல' என்று மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அதே புலி, வரைகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

பின்னங்காலில் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள். விலங்குகளுக்கு முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது என்று நினைத்து வரைவதால் வரும் வினை. அங்கே மடங்குவது முழங்கால் அல்ல, குதிகால். மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க நாம் நுனிக்காலில் எட்டி நிற்கிறோமே, பூனை இனம் முழுக்க ஆயுசுக்கும் அப்படித்தான் நடக்கிறது. அசல் முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நாரைக்கும் கொக்குக்கும் இதே கணக்குதான். இது ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அதற்குப் பிறகு தெருநாயைக்கூடத் தப்பாக வரைய முடியாது.

நடை இன்னும் கஷ்டம். ஒட்டகச்சிவிங்கி நடக்கும்போது ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஏறக்குறைய சேர்ந்தே முன்னே போகும். அதைக் கண்ணால் பிடித்துத் தாளில் இறக்குவதற்குள் நாலு அடி போய்விட்டிருக்கும். நான்கு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டிப் பாயும் குதிரையை ஐரோப்பிய ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்தார்கள். ஓடும் குதிரை அந்த நிலைக்கு வருவதே இல்லை என்று 1878-ல் அமெரிக்காவில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்துக் காட்டினார். பிறகு ஃபிலடெல்ஃபியா உயிரியல் பூங்காவின் விலங்குகளையும் அதே முறையில் படமெடுத்தார். 781 படத்தகடுகளாக 1887-ல் வெளிவந்த அவருடைய தொகுப்பை அனிமேஷன் கலைஞர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

வண்ணத்துக்கு வந்தால், கருமந்தியைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இந்தக் குரங்கின் உடம்பு முழுக்கக் கறுப்பு, தலை மட்டும் வெளிர் பழுப்பு. கறுப்பு ட்யூபைத் திறந்து பூசினால் குரங்கு தட்டையாகிவிடும். வெயில் படும் தோளில் அந்தக் கறுப்பு நீலமாக மினுங்குகிறது, வயிற்றோரம் பழுப்பாகிறது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் இரண்டு பக்கமும் சாயக்கூடிய உயிருள்ள கறுப்பு கிடைக்கும். அதே கலவையில் தண்ணீரைக் கூட்டினால் யானைச் சாம்பல்.

உயிர் காலேஜும் ஓவியப் பள்ளியும்

சென்னைக்கு இதில் பழைய உறவு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் அந்த வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாப் தம்மிடம் இருந்த விலங்குகளைக் கொடுத்து உதவினார். இந்தியாவில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட முதல் உயிரியல் பூங்கா இதுதான். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. மூர் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வரும், பேச்சுவழக்கில் 'உயிர் காலேஜ்' எனப்பட்ட அந்தப் பூங்கா ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய ஓவியப் பள்ளி. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். ஸ்கெட்ச்புக்கை இடுக்கிக்கொண்டு கிளம்பும் மாணவருக்குக் கூலியாள், ரயில், பழைய புத்தகக் கடை, சிங்கம் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைத்த ஊர் இது.

1985-ல் பூங்கா வண்டலூருக்குப் போனது. நகரத்துக்குள் இருந்த சௌகரியம் போயிற்று, ஆனால் வரைகிறவர்களுக்கு லாபமும் உண்டு. பழைய இடத்தில் கம்பிக்குப் பின்னால் நின்ற விலங்கு, புதிய இடத்தில் அகழிக்கு அப்பால், புதர்க்காட்டு மரங்களுக்கு நடுவே நிற்கிறது. கண்ணுக்கு முன் கம்பி இல்லை. வெயில் நகர்வதும், நிழல் முதுகின்மேல் விழுவதும், விலங்கு தானாக ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்துப் படுப்பதும் தெரிகிறது. தூரம்தான் கொஞ்சம் அதிகம். அதற்காகச் சிலர் பைனாகுலர் கொண்டுவருகிறார்கள்.

பார்க்காமல் வரைந்தவரும் பார்த்து வரைந்தவரும்

நேரில் பார்த்து வரைவதற்கும் கேள்விப்பட்டு வரைவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இரண்டு படங்கள் காட்டும். இரண்டிலும் இருப்பவை நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய விலங்குகள்.

குஜராத் சுல்தான் போர்ச்சுக்கீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515 மே மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கியது. ஜெர்மனியில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்க்கவில்லை. யாரோ போட்ட படத்தையும் எழுதி அனுப்பிய வர்ணனையையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்கு ஓவியம் ஒன்றைச் செய்தார். தோலின் மடிப்புகள் போர்க்கவசத் தகடுகளாக மாறின. பிடரியில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு முளைத்தது. அபாரமான படம், ஆனால் தப்பான காண்டாமிருகம். இருந்தும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியப் புத்தகங்களில் காண்டாமிருகம் என்றால் இதுதான்.

அடுத்தது யானை. இலங்கையில் பிறந்து, குட்டியாக இருந்தபோதே 1633-ல் ஹாலந்துக்குக் கொண்டுபோகப்பட்ட பெண் யானை. பெயர் ஹான்ஸ்கென். வித்தை காட்டும் யானையாக ஐரோப்பிய ஊர்களைச் சுற்றிய அதை, 1637-ல் ஓவியர் ரெம்ப்ராண்ட் கறுப்புச் சாக்கட்டியால் வரைந்தார். தளர்ந்து தொங்கும் தோல், முழங்காலில் குவியும் சுருக்கங்கள், பாரத்தைத் தாங்கும் பாதம் எல்லாம் அதில் இருக்கின்றன. கோயில் யானையின் பக்கத்தில் நின்று வளர்ந்த நம்மூர் ஆள் யாரும் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் 'இது நம்ம யானை' என்று சொல்லிவிடுவார். 1655-ல் ஃப்ளாரன்ஸ் நகரில் ஹான்ஸ்கென் இறந்தது. அதன் எலும்புக்கூடு இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஜஹாங்கீரின் வரிக்குதிரை

இந்தியாவில் இந்தக் கலையின் உச்சம் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனை. புதிதாக ஒரு விலங்கோ பறவையோ வந்துவிட்டால், அதை எழுத்தில் வர்ணிப்பதோடு அவர் நிறுத்தமாட்டார், ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொல்வார். 1612-ல் கோவாவிலிருந்து வந்த வான்கோழி அப்படித்தான் படமானது. 1621-ல் வரிக்குதிரை வந்தபோது, யாரோ குதிரைக்குக் கோடு போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அரண்மனையில் சிலர் சந்தேகப்பட்டார்கள். சோதித்துப் பார்த்த பிறகுதான் அது ஆண்டவன் போட்ட கோடு என்று நம்பினார்கள். அரண்மனை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்த அந்த வரிக்குதிரை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ பறவையின் படம் ஒன்று ரஷ்யாவில் உள்ளது. டோடோ பூமியிலிருந்தே மறைந்துவிட்டது. அது எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்கும் விஞ்ஞானிகள் இன்று அந்தப் படத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பின்னால் வந்த கம்பெனி ஆட்சிக் காலத்தில் கல்கத்தாவில் மேரி இம்பே என்ற சீமாட்டி தன் வீட்டுத் தோட்டத்தில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்தார். பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரும் 1777 முதல் 1782 வரை அவற்றை வரைந்தார்கள். 300-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரும் தம் ஓவியர்களைக் கொண்டு விலங்கு, பறவைப் படங்களை வரைவித்தார்.

அதற்கும் வெகுகாலம் முன்பே, பல்லவச் சிற்பிகள் மாமல்லபுரத்தில் இதைச் செய்து முடித்திருந்தார்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில் எல்லோரும் யானையையும் தவம் செய்யும் பூனையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கீழே ஒரு மான் இருக்கிறது. பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. புராணத்தில் இல்லாத மான் அது. நிஜமான மானை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளால் மட்டும்தான் அந்தக் காலை அந்தக் கோணத்தில் செதுக்க முடியும். வண்டலூரில் புள்ளிமான்களின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அதே காட்சி இன்றும் கிடைக்கும்.

பாரிஸின் மாணவர்கள்

விலங்கு ஓவியத்துக்குப் பள்ளிக்கூடமாகவே ஆன பூங்கா பாரிஸில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தாவரத் தோட்டத்துக்குள் அமைந்த அந்த விலங்குக் காட்சிசாலையில், ஓவியர் டெலாக்ருவாவும் சிற்பி பார்யேவும் சேர்ந்து வரைந்தார்கள். 1829-ல் ஒரு சிங்கம் செத்தபோது, உடனே வரச் சொல்லி டெலாக்ருவா நண்பருக்கு அவசரமாகக் கடிதம் அனுப்பினார். தோலுக்கு அடியில் தசை எப்படி ஓடுகிறது என்று பார்க்க அதைவிட்டால் வேறு வாய்ப்பு ஏது? பிற்பாடு 1854-ல் பார்யே அங்கேயே விலங்கு ஓவியப் பேராசிரியர் ஆனார். அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர் சிற்பி ரோடின்.

லண்டனில் எட்வர்ட் லியர் என்ற ஓவியர், தம் 18-ஆம் வயதில், 1830-ல் உயிரியல் பூங்காவின் கிளிகளை வரைய அனுமதி வாங்கினார். பாடம் செய்து பஞ்சடைத்த பறவைகளைப் பார்த்து வரைவதுதான் அக்கால வழக்கம். லியர் உயிருள்ள கிளிகளையே வரைந்தார். காப்பாளர் கிளியைப் பிடித்துக்கொள்ள, இவர் இறக்கையையும் காலையும் அளந்து குறித்துக்கொள்வார். 42 படங்களோடு வந்த அவருடைய கிளிப் புத்தகம் இன்றும் போற்றப்படுகிறது.

வால்ட் டிஸ்னி 'பாம்பி' படம் எடுத்தபோது இரண்டு மான்குட்டிகளை ஸ்டுடியோவுக்கே வரவழைத்தார். ரிகோ லெப்ரன் என்ற ஓவியர் அங்கே விலங்கின் உடற்கூறு வகுப்பு எடுத்தார். 1942-ல் திரைக்கு வந்த அந்தப் படத்தில் பாம்பி எழுந்து நிற்கத் தடுமாறும்போது நமக்கு மனசு இளகுகிறது என்றால், அதன் கால் மூட்டுகள் சரியான இடத்தில் மடங்குவதும் அதற்குக் காரணம். இன்று கம்ப்யூட்டரில் புலி செய்யும் சென்னைப் பையன்களுக்கும் இந்தப் பாடத்திலிருந்து விலக்கு இல்லை. தோள்பட்டை நகராத புலியைத் திரையில் பார்க்கும் ரசிகருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் 'கிராபிக்ஸ் சரியில்ல' என்று சொல்லிவிடுவார்.

வரைவது சுலபமாக இருந்தால்...

இனி, இனிப்பில்லாத பகுதி.

ஓயாமல் நடக்கும் விலங்கை வரைவது கஷ்டம் என்று சொன்னோம். ஆனால் சில கூண்டுகளில் நடக்கும் விலங்கை வரைவது ஆச்சரியப்படும் அளவுக்குச் சுலபம். ஏனென்றால் அது ஒரே பாதையில், ஒரே இடத்தில் திரும்பி, ஒரே காலை முதலில் வைத்து, மறுபடி மறுபடி நடக்கிறது. ஓவியருக்குத் தேவையான நிலை குறித்த நேரத்தில் வந்துவிடுகிறது. ஐந்தாவது சுற்றில் தலை முடிந்துவிடும், பத்தாவது சுற்றில் கால்கள். படம் நன்றாக வந்துவிட்டதே என்று நிமிரும்போதுதான் உறைக்கும், இந்த வசதி விலங்கின் அவதியிலிருந்து வந்தது என்று.

நோக்கம் எதுவும் இல்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்தப் பழக்கம் அடைபட்ட வாழ்வின் அறிகுறி என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2003-ல் 'நேச்சர்' இதழில் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு, காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகள்தான் அடைபட்ட நிலையில் இப்படி அதிகம் நடக்கின்றன என்று காட்டியது. வழக்கமான ஒரு துருவக்கரடிக் கூண்டின் பரப்பு, காட்டில் அது திரியும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே பாரிஸின் அந்தத் தோட்டத்தைக் குறிப்பிட்டு எழுதிய 'சிறுத்தை' கவிதையும், கம்பிகளுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி நடக்கும் விலங்கைப் பற்றியதே.

வெள்ளைப் புலி இன்னொரு உதாரணம். கூட்டம் அதிகம் சேரும் இடம் அது. வரைகிறவர்கள் அதன் முகத்தில் திணறுவார்கள். இரண்டு கண்ணும் சரியாக ஒரே பக்கம் பார்ப்பதில்லையே, நம் கைதான் தவறுகிறதோ என்று அழித்து அழித்து வரைவார்கள். பல நேரங்களில் கை தவறவில்லை. வெள்ளைப் புலிகள் பலவற்றுக்கு மாறுகண் உண்டு. உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை, 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வம்சம். வெள்ளை நிறம் மாறாமல் இருக்க நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். நிறத்தைக் கொடுக்கும் மரபணுவே பார்வை நரம்புகளின் பாதையையும் கோணலாக்கிவிடுகிறது. 'எவ்வளவு அழகு!' என்று சொல்லிவிட்டு நகர்கிறவருக்குத் தெரியாத இந்தச் சரித்திரம், கண்ணுக்கு நேராகக் கண்ணை வரையப் பார்ப்பவருக்குத் தட்டுப்பட்டுவிடுகிறது.

நெருங்கிப் பழகியதன் விலையைக் கொடுத்தவர்களும் உண்டு. கார் கம்பெனி நிறுவிய எட்டோரே புகாட்டியின் தம்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பூங்காவில் விலங்குகளின் முன்னால் நின்று களிமண்ணில் சிற்பம் செய்தவர். 1914-ல் போர் நெருங்கியபோது, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்கு ஆபத்து என்று அந்த விலங்குகளில் பலவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். போரும் வறுமையும் அவரை ஏற்கெனவே உடைத்திருந்தன. 1916 ஜனவரியில், 31 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உயிரியல் பூங்காவே கூடாது என்பவர்கள் உண்டு. அழியும் இனங்களைக் காப்பாற்ற அது தேவை என்பவர்களும் உண்டு. வழக்கு முடிகிற மாதிரி இல்லை. நம் நாட்டில் 1992 முதல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் விதிகளை வகுத்து, பூங்காக்களுக்கு அங்கீகாரம் கொடுக்கவும் மறுக்கவும் செய்கிறது. அந்த விதிகள் களத்தில் எப்படி இருக்கின்றன என்பதற்குத் தேதி போட்ட ஸ்கெட்ச்புக் ஒரு சாட்சி. போன ஆண்டு வட்டமடித்த கரடி, மரக்கட்டையும் குளமும் வைத்த பிறகு இந்த ஆண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தால் அந்த மாற்றமும் அதில் பதிவாகும்.

முதுகுக்குப் பின்னால் விமர்சகர்கள்

பூங்காவில் வரைவதற்குத் தோல் கொஞ்சம் தடிமனாக வேண்டும். யானைக்குச் சொல்லவில்லை, ஓவியருக்கு. உட்கார்ந்த சிறிது நேரத்தில் பின்னால் கூட்டம் கூடிவிடும். "அண்ணா, இதை விப்பீங்களா?" "என் பேரை எழுதித் தர்றீங்களா?" "அங்கிள், இன்னும் வால் போடல!" கடைசியாகச் சொன்ன விமர்சகருக்கு ஆறு வயது இருக்கும், அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். ஆனால் வேடிக்கை பார்க்க நின்ற அந்தக் குழந்தை, தாளையும் விலங்கையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பிக்கிறது. காதின் வெள்ளைப் பொட்டு படத்தில் வந்ததும், புலிக்கு அது நிஜமாகவே இருக்கிறதா என்று எக்கிப் பார்க்கிறது. அரை நிமிடத்தில் நகர வேண்டிய குடும்பம் பத்து நிமிடம் நின்றுவிடுகிறது. தகவல் பலகையால் முடியாத காரியம் இது.

அடிக்கடி வருகிற ஓவியரைக் கீப்பர்களுக்கும் முகம் தெரிந்துவிடும். எந்தப் புலி காலையில் சுறுசுறுப்பு, எது வெயில் ஏறினால் பாறை நிழலை விட்டு வராது என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, பாதிநாள் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

முதல்முறை போகிறவர்களுக்கு...

* காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். விலங்குகள் நடமாடும், வெயிலும் சாய்வாக விழும். உச்சி வேளையைத் தூங்கும் விலங்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

* சின்ன ஸ்கெட்ச்புக், 2பி, 6பி பென்சில், ஒரு பால்பாயின்ட் பேனா போதும். பேனாவில் அழிக்க முடியாது என்பதே அதன் நல்ல குணம். வண்ணம் வேண்டுமானால் சிறிய வாட்டர்கலர் பெட்டியும், தண்ணீர் அடைத்த பிரஷ் ஒன்றும்.

* முதல் கால் மணி நேரம் ஒரு நிமிடப் படங்களாகப் போடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. கண்ணும் கையும் சேர்ந்து ஓடப் பழகுவதற்கு இது.

* பயமாக இருந்தால் முதலையில் தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இதற்குத் தோதான இடம். உடம்புச் சூட்டைச் சரிசெய்ய வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் சதுப்புநில முதலையைவிடப் பொறுமையான மாடல் கிடையாது. முதுகுச் செதில்களின் வரிசையை எண்ணிக்கூட வரையலாம்.

* 'இங்கே பார்' என்று கூப்பிடுவது, கை தட்டுவது, தீனி போடுவது எதுவும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

* ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சில ஆண்டுகள் கழித்து, படத்தைவிட அந்த வரி அதிகம் பேசும்.

பூங்காவும் பள்ளியும் செய்யக்கூடியது

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. மாதத்தில் ஒரு காலை, கூட்டம் வருமுன் வரைகிறவர்களை உள்ளே விடலாம். நிழலுள்ள நான்கு இடங்களில், வழியை மறிக்காத பெஞ்சு போடலாம். பள்ளிச் சுற்றுலாவில் முப்பது விலங்குகளை ஓட்டமாக ஓடிக் காட்டுவதற்குப் பதில், ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்து ஒரே விலங்கின் முன்னால் உட்காரவைக்கலாம். டிராயிங் பீரியடில் கரும்பலகை யானையைப் பார்த்து யானை போட்ட குழந்தைக்கு, முன்னங்காலில் ஐந்து நகமா நான்கா என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே அறிவியல் வகுப்பும் சேர்ந்தே நடந்துவிடும்.

படம் நன்றாக வர வேண்டும் என்பது கட்டாயமில்லை. சரியாக வராத புலியை வரைந்தவர்கூட, ஒரு மணி நேரம் ஒரு உயிரை அதன் போக்கில் இருக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்தமுறை வண்டலூர் போகும்போது பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பூங்காவுக்கு விடுமுறை. புலிக்கும் நம்மிடமிருந்து ஒருநாள் ஓய்வு வேண்டாமா?